முதல் ஸ்நார்க்கலிங்கில் பிள்ளை அழுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

போன ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போயிருந்தோம். ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்க்கலிங்: கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் போட்டு, வாயில் வைத்த குழாயால் மூச்சு விட்டபடி மிதந்து கடலுக்குள் பார்ப்பது. என் ஆறு வயது மகன் தண்ணீரில் முகத்தை வைத்த இரண்டாவது நிமிடமே அலறிக்கொண்டு எழுந்துவிட்டான். "பயப்படுறான், விட்டுடுங்க" என்றார்கள் படகில் இருந்தவர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அன்று இரவு அவன் முகத்தைத் துடைத்துவிடும்போதுதான் கவனித்தேன். மாஸ்க் அழுத்திய சிவப்புத் தடம் நெற்றியிலும் கன்னத்திலும் இருந்தது. மூக்குக்குக் கீழே தடமே இல்லை. வாடகைக்குக் கொடுத்தது பெரியவர்கள் அளவு மாஸ்க். அவன் மேலுதட்டருகே அது ஒட்டவே இல்லை. உப்புத் தண்ணீர் நேராக மூக்கில் ஏறியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து நீல் தீவில் (ஷஹீத் தீவு) அவன் அக்காவின் சின்ன மாஸ்க்கைப் போட்டுவிட்டோம். அதே பையனைக் கடலிலிருந்து வெளியே கொண்டுவர நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். பிள்ளை அழுதால் முதலில் சாமான்களைப் பாருங்கள். அப்புறம் உடம்பைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் பயத்தைப் பற்றிப் பேசலாம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மாஸ்க்கையும் ஸ்நார்க்கல் குழாயையும் வாங்கிவிடுங்கள். மற்றதை எல்லாம் அங்கே வாடகைக்கு எடுக்கலாம். இந்த இரண்டும் பிள்ளையின் அளவில் சொந்தமாக இருக்க வேண்டும். முதல் வாரம் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு டிவி பார்க்கட்டும். அடுத்த வாரம் குழாயைக் கடித்துக்கொண்டு பக்கெட் தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சு விடட்டும். பிறகு குளியலறையில், மாஸ்க்கும் குழாயும் போட்டிருக்கும்போது தலையில் குவளையால் தண்ணீர் ஊற்றுங்கள். கடைசியாக நீச்சல் குளம். குளத்தில் ஒரு நிமிடம் முகம் கவிழ்த்து நிதானமாக மிதக்க முடிகிற பிள்ளை கடலுக்குத் தயார். ஆஸ்துமா, வலிப்பு, செவிப்பறையில் ஓட்டை போன்றவை இருந்தால் டிக்கெட் போடும் முன்பே குழந்தைகள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

"மூக்குல தண்ணி போகுது"

அதிகம் வரும் புகார் இதுதான். காரணங்களும் நிறைய, எனவே ஒவ்வொன்றாகப் பார்த்து வாருங்கள்.

அளவு சரியா? வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தபின் மாஸ்க் விழாமல் சில நொடி ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. நழுவினால் அது அந்த முகத்துக்கான மாஸ்க் இல்லை. வாரை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

முடி மாட்டியிருக்கிறதா? நெற்றியில் விழும் நாலு முடி போதும், தண்ணீர் அந்த வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் பின்னால் தள்ளித் துணிப்பட்டையால் கட்டுங்கள். பெண் பிள்ளைக்கு உச்சியில் கொண்டை போட்டால் வார் நிற்காது. கழுத்தருகே தாழ்வாக ஒற்றைப் பின்னல் போடுங்கள்.

எண்ணெய் தேய்த்திருக்கிறீர்களா? நம் வீடுகளில் இதை யாரும் யோசிப்பதில்லை. காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து வாரிவிட்டால், வெயிலில் அது நெற்றிக்கு வழிந்து மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பை வழுக்க வைக்கும். கடலுக்குப் போகிற நாள் எண்ணெய் வேண்டாம். முகத்தில் சன்ஸ்க்ரீனை அப்பினாலும் இதே கதைதான்.

வார் எங்கே இருக்கிறது? காதுக்கு மேலாகப் போய், தலையின் பின்புறம் அகலமான இடத்தில் உட்கார வேண்டும். கசிகிறது என்றதும் பெற்றோர் வாரை இழுத்து இறுக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இறுக்கினால் விளிம்பு மடங்கி இன்னும் கசியும், பிள்ளைக்குத் தலையும் வலிக்கும். முதலில் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் வருகிறதா? பிள்ளை சிரிக்கிறது என்று பொருள். மீனைப் பார்த்துச் சிரித்தால் கன்னம் மடிந்து இடைவெளி விழும். அதற்காகச் சிரிக்காதே என்று சொல்ல முடியாது. தலையை மேலே தூக்கி, மாஸ்க்கின் கீழ் விளிம்பை விரலால் லேசாக விலக்கித் தண்ணீரை வடிக்கப் பழக்குங்கள். குளத்தில் பத்து முறை செய்தால் வந்துவிடும்.

"ஒண்ணுமே தெரியல, பனி மாதிரி இருக்கு"

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலையிலிருந்து வரும் மெல்லிய சிலிக்கான் படலம் இருக்கும். அதைப் போக்காதவரை எதைப் பூசினாலும் ஆவி படியும். வெள்ளைப் பற்பசையை (ஜெல் வேண்டாம்) உட்புறம் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். கடலுக்குள் இறங்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி, ஒரே ஒரு முறை அலசினால் போதும். எச்சில் தடவினாலும் வேலை செய்யும். மூக்கால் மூச்சு விடுகிற பிள்ளைக்கு எத்தனை முறை துடைத்தாலும் ஆவி படியும். அதற்கான தீர்வு அடுத்த பகுதியில் இருக்கிறது.

கண்ணாடி போடும் பிள்ளையா? மூக்குக்கண்ணாடியின் மேல் மாஸ்க் போட முடியாது. அதன் கைகள் விளிம்பைத் தூக்கிவிடும். பவர் உள்ள லென்ஸ் பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது. பவர் குறைவு என்றால் ஒன்றும் இல்லாமலே சமாளிக்கலாம். மாஸ்க் வழியே பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உண்மையான தூரத்தைவிடக் கால் பங்கு அருகிலும் தெரியும்.

இதையே வேறு விதமாக ஒரு பயமாகவும் பிள்ளைகள் சொல்லுவார்கள்: "மீன் என்னை முட்ட வருது." சிறிய கிளிமீன்கூடப் பெரிதாக, கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறதே! குளத்தில் ஒரு ஸ்பூனை முன்னால் பிடித்து, தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை எட்டாமல் போவதைப் பார்த்தால் பிள்ளைக்கே விளங்கிவிடும்.

"மூச்சு விட முடியல"

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இந்த ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு சிக்கல்கள் இருக்கலாம்.

ஒன்று, பிள்ளை மூக்கால் இழுக்கப் பார்க்கிறது. மாஸ்க் மூக்கை மூடியிருப்பதால் காற்று வராது, மாஸ்க் முகத்தைக் கவ்வும், பிள்ளை மிரண்டுவிடும். அடையாளம்: கண்ணைச் சுற்றி மாஸ்க் ஆழமாக அழுந்தியிருக்கும், அல்லது கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, குழாயை மட்டும் வாயில் வைத்து, மூக்கைக் கையால் பிடித்தபடி பத்து மூச்சு விடச் சொல்லுங்கள். அப்புறம் மாஸ்க். டிவி முன்னால் பழகச் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டு, குழாய் பெரியது. நீளமும் அகலமும் அதிகமான குழாயில், விட்ட மூச்சின் ஒரு பகுதி வெளியே போகாமல் அடுத்த மூச்சில் உள்ளே திரும்பி வரும். பெரியவர்களுக்கு அது உறைக்காது. சின்ன நுரையீரலுக்கு அது பெரிய அளவு. தலைவலி, படபடப்பு, வேக வேகமாக மூச்சு வாங்குதல் என்று காட்டும். பிள்ளைகளுக்கென்று வரும் குட்டையான, ஒடுங்கிய குழாயே வேண்டும். மூச்சை மெதுவாகவும் ஆழமாகவும் விடச் சொல்லுங்கள். என் மகளுக்கு "உள்ளே இரண்டு, வெளியே நாலு" என்று எண்ணக் கற்றுக்கொடுத்தேன்.

மூன்று, குழாயின் வால்வு மூடிக்கொண்டது. தண்ணீர் புகாத குழாய் என்று விற்பவற்றில் உச்சியில் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் பட்டதும் அது வழியை அடைத்துவிடும். பிள்ளை தலையை அதிகம் குனிந்தாலோ மணல் சிக்கினாலோ காற்று திடீரென்று நின்றுபோகும். எச்சரிக்கை இல்லாமல் காற்று நின்றால் யாராக இருந்தாலும் பதறத்தான் செய்வார்கள். இறங்குமுன் குழாயைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்து, மிதவை தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். காற்று நிற்பது எப்படி இருக்கும் என்பதைக் கரையிலேயே ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மூக்காலும் வாயாலும் மூச்சு விடலாம், சுலபம்தான். ஆனாலும் பிள்ளைகளுக்கு நான் அதை வேண்டாம் என்பேன். உள்ளே தண்ணீர் வந்தால் ஊதி வெளியேற்ற முடியாது. அவசரத்தில் சட்டென்று கழற்றவும் வராது. சாதாரணக் குழாயை என்றால் துப்பிவிட்டால் முடிந்தது.

"உப்புத் தண்ணி குடிச்சிட்டேன்"

கால் விரலைப் பார்க்கக் குனிந்தால் குழாயின் வாய் தண்ணீருக்குள் போய்விடும். பார்வை முன்னால் சற்றுச் சரிவாக இருக்கட்டும். "உனக்கு முன்னால நாலடி தூரத்துல இருக்கிற மீனைப் பாரு" என்றால் பிள்ளைக்குப் புரியும். தண்ணீர் வந்துவிட்டால் "தூ" என்று ஒரே வேகமான ஊதல். பிறகு முதல் மூச்சை மட்டும் மெல்ல இழுக்க வேண்டும். பக்கெட்டில் இது நல்ல விளையாட்டு.

குழாயின் அடியில் சின்ன ரப்பர் வால்வு இருந்தால், அதில் மணல் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மணல் துகள் போதும், ஓயாமல் ஒழுகும்.

புரையேறிய இருமல் சில நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டாலோ, பின்னர் மூச்சு வாங்கினாலோ, பிள்ளை அசந்து சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்க வேண்டாம்; மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தாடை வலி, குமட்டல் என்றால் வாயில் கடிக்கும் பகுதி பெரிது. சிறிய வாய்ப்பகுதி மாற்றுங்கள். பல்லால் இறுக்கிக் கடிக்கத் தேவையில்லை, உதட்டால் மூடினால் போதும்.

குப்புறப் படுக்க முடியாமல் நிமிர்ந்து நிமிர்ந்து வருகிறது

இது பிள்ளையின் தவறே இல்லை. லைஃப் ஜாக்கெட் ஆளை மல்லாக்க மிதக்கவைப்பதற்காகச் செய்யப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு முகம் கவிழ்ந்து கிடப்பது அதனோடு மல்லுக்கட்டுவதுதான். அதற்காகக் கழற்றிவிடாதீர்கள். காற்றடைத்த வளையத்தையோ நீளமான நுரைக் குழலையோ மார்புக்குக் கீழே கொடுத்து, இரண்டு கையையும் அதன் மேல் போடச் சொல்லுங்கள். அந்தமானில் கைடுகள் வளையத்தைப் பிடித்து இழுத்துச் செல்வார்கள், அது நல்ல முறை.

ஜாக்கெட் அளவைப் பார்க்க, பிள்ளையை நிற்கவைத்துத் தோள்பட்டையில் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் பெரிது. கால்களுக்கு நடுவே மாட்டும் பட்டை இருந்தால் அதைக் கட்டாயம் போட வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளைக் கடலில் நம்பவே கூடாது. கைடு இருந்தாலும் பெற்றோரில் ஒருவர் கையெட்டும் தூரத்தில் இருங்கள், ஃபோனைக் கரையில் வைத்துவிட்டு.

கால் வைக்கக் கூடாத இடத்தில் நிற்கிறது

களைத்த பிள்ளை தரையைத் தேடும். கீழே இருப்பது பாறை என்று நினைத்துப் பவளத்தின் மேல் ஏறி நிற்கும். பவளம் உயிருள்ள விலங்கு. உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அந்தமான் பவளங்கள் 2004 சுனாமியையும் 2010, 2016 ஆண்டுகளில் வெப்பத்தால் வெளுத்த காலங்களையும் கண்டவை. இதை வீட்டிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் நம்மைவிடக் கவனமாக இருப்பார்கள். என் மகள் அங்கே இன்னொரு குடும்பத்துப் பெரியவரிடம், "மாமா, அதுக்கு வலிக்கும், இறங்குங்க" என்று சொன்னாள். அவரும் இறங்கினார்.

அதற்கு வழி: சோர்ந்தால் மல்லாந்து மிதந்து இளைப்பாறப் பழக்குவது, மணல் திட்டு எங்கே என்று முன்பே காட்டிவைப்பது, கடல் வற்றும் நேரத்தில் இறங்காமல் இருப்பது. நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் கடல் வற்றினால் பவளத் திட்டு வெளியே தெரிய ஆரம்பிக்கும், நீந்த ஆழமே இருக்காது. அன்றன்றைய ஏற்ற, வற்ற நேரத்தைத் தங்கும் இடத்தில் கேளுங்கள். இன்னொன்று, குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும், காலையே நல்லது. அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும் அலையாத்திக் காட்டு ஓடைகளுக்குப் பக்கத்திலும் இறங்கவே கூடாது.

உடைந்து கிடக்கும் பவளத் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களைப் பாதுகாக்கிறது.

கைடு சொன்னதற்கு எதிராகச் செய்கிறது

அங்கே கைடுகள் பெரும்பாலும் இந்தியில் பேசுவார்கள். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை தண்ணீரில் திகைத்து நிற்கும். சைகை இன்னும் குழப்பம். என் மகன் மகிழ்ச்சியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கடல் சைகையில் அதற்கு "மேலே போகலாம்" என்று பொருள். கைடு அண்ணா அவனைத் தூக்கிவிட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் "நன்றாக இருக்கிறேன்." கையை உயர்த்தி ஆட்டினால் "உதவி வேண்டும்." வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே இவற்றைப் பழகலாம். இறங்குமுன் கைடிடம் நீங்களும் ஒருமுறை செய்து காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

படகிலேயே வாந்தி

பெரிய தீவிலிருந்து ஹேவ்லாக் போக, படகைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. இரண்டு இட்லி போதும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், தொடுவானம் தெரியும் இடமாக உட்காரவையுங்கள். கையில் ஃபோன் கொடுக்காதீர்கள். மாத்திரை வேண்டுமானால் ஊரிலேயே மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்த பிள்ளையை அன்றே தண்ணீரில் இறக்க வேண்டாம்.

காது வலிக்கிறது

மேலே மிதக்கும்போது காது வலிக்காது. வலித்தால் பிள்ளை முங்கியிருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் அழுத்தம் சமமாகும். சளி பிடித்திருந்தால் முங்கவே விடாதீர்கள். முங்க ஆசைப்படும் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்லுங்கள்: முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சிழுக்கக் கூடாது, யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டி போடக் கூடாது. முன்னறிவிப்பே இல்லாமல் தண்ணீருக்குள் நினைவு தப்பும்.

மறுநாள் காது மடலை இழுத்தால் வலிக்கிறதா? அது காதின் வெளிவழியில் வந்த தொற்று. பட்ஸ் விடாதீர்கள், எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். மருத்துவரிடம் காட்டிச் சொட்டு மருந்து வாங்குங்கள். குளித்ததும் தலையைச் சாய்த்து, துண்டின் நுனியால் வெளிக்காதைத் துடைத்து வந்தால் இது பெரும்பாலும் வராது.

அரிப்பு, கொட்டு, கீறல், முதுகு எரிச்சல்

ஜெல்லி மீன் பட்டால் கடல்நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவோ தேய்க்கவோ வேண்டாம். ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வையுங்கள். சூட்டை உங்கள் கையில் பார்த்த பிறகே பிள்ளைக்கு. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனை. பவளம் கீறினால் சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு உள்ளே துகள் இல்லாதபடி கழுவுங்கள்; சின்னக் கீறல்கூடச் சீழ் பிடிக்கும்.

முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் மிதக்கும்போது வெயிலைப் பார்க்கின்றன. முழுக்கை நீச்சல் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டுவிட்டால் சன்ஸ்க்ரீன் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் போதும். ஜிங்க் ஆக்சைடு உள்ளதாக வாங்குங்கள். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றைப் பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2021 முதல் கடைகளில் விற்க விடுவதில்லை.

"நான் வெளியே வரமாட்டேன்"

எல்லாம் சரியாக நடந்தால் கடைசியில் வரும் சிக்கல் இது. உதட்டைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால், பல் தந்தியடித்தால், பிள்ளை என்ன சொன்னாலும் வெளியே கொண்டுவாருங்கள். 28 டிகிரி தண்ணீர் நமக்கு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்; ஆனால் தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உறிஞ்சும், சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். முதல் நாள் இருபது நிமிடம், பிறகு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீல் தீவில் என் மகனை நாற்பது நிமிடம் விட்டுவிட்டேன், அது அதிகம். கரைக்கு வந்ததும் ஈரத்துணி மாற்றி, துண்டால் போர்த்தி, பிளாஸ்க்கில் இருந்த சூடான பாலைக் கொடுத்தேன். நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது. நின்றதும் "இன்னும் அஞ்சு நிமிஷம், அம்மா" என்றான். சட்டையை மாற்றி, மாஸ்க்கை அலசி, வாரைச் சரிபார்த்து, மறுபடி அவனோடு இறங்கினேன்.